இருபத்தேழாவது மாடி: வாசல் நிறையச் செருப்பு

கோபம் வந்தால் லோர்னா ரகாசாவுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, வாய் மட்டும் ஓயாது. ஒரு வாரமாக அவள் அப்படித்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் போன வாரம் லாஸ் வேகாஸிலிருந்து வந்த போனால் வந்த வினை.

"அக்கா, வீட்டை வித்துடலாம். விலை ஏறிக் கெடக்கு. இதை விட்டா இப்படி ஒரு நேரம் வராது" என்றான் தம்பி டெரிக்.

"என் பொணத்தைத் தாண்டிப் போய் வித்துக்கடா" என்று சொல்லி இவள் போனை வைத்துவிட்டாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள். அப்படியெல்லாம் லேசில் தீர்ந்துவிட்டால் குடும்பம் என்று அதற்குப் பெயர் எதற்கு?

வீடு இருப்பது ஹொனலூலு நடுவில், மகானி டவரில். ரெண்டு படுக்கையறை, ஒரு பால்கனி, பால்கனி நிறையக் கடல். கட்டடம் எழும்பாமல் வெறும் பொட்டல் நிலமாகக் கிடந்தபோதே, உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய வீடுகளுக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விற்பனை ஆபீஸ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, நடைபாதையிலேயே படுத்துக் கிடந்து அவள் வாங்கிய வீடு அது. மழையில் நனைந்து, ஜுரத்தோடு பஸ் ஓட்டியவள்.

"உங்க ஒரு சம்பளம் பத்தாது" என்று பாங்க் கையை விரித்தபோது, டெரிக் சேர்ந்து கையெழுத்துப் போட்டான். பத்திரத்தில் பாதி அவன் பெயர். பேருக்குத்தானே என்றார்கள் எல்லாரும். அக்கா தம்பிக்குள் எழுதி வாங்குவதாவது! கேட்டால் சிரிப்பார்கள். பிறகு அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேகாஸுக்குக் குடிபோய்விட்டான். இந்தத் தீவில் வீடு கட்டுப்படியாகாதவர்கள் எல்லாரும் போகிற ஊர். அங்கே கடைத்தெருவில் நின்றால் இங்கே பக்கத்து வீட்டில் இருந்தவனே எதிரில் வருவான்.

ஆறு வருஷமாகத் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் கட்டுவது லோர்னா ஒருத்திதான். கூட இருப்பது எண்பது வயது அப்பா இசிட்ரோ மட்டும். இந்த வீடு போனால், கையில் வரும் பாதிப் பணத்துக்கு இதே தெருவில் ஒரு கார் நிறுத்தும் இடம் வாங்கலாம். அப்பாவையும் தன்னையும் அதில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாலை வரை வேலை. ஆனால் நடுவழியில் பஸ்ஸின் ஏ.சி. படுத்துக்கொண்டது. வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு, மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இருபத்தேழாவது மாடியில் லிஃப்ட் திறந்தது.

அவள் வீட்டு வாசலில் செருப்பு. ஒன்றா ரெண்டா? ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, குதிகால் செருப்பு, வெள்ளை ஷூ, குழந்தை செருப்புகூட ஒன்று. கதவிலிருந்து பக்கத்து வீடு வரை தாழ்வாரம் நிறையப் பரவிக் கிடந்தது. ஒரு ஜோடி செருப்பை வெளியே விட்டாலே அபராதச் சீட்டு ஒட்டுகிற கட்டடம் இது.

கூப்பிடாமல் ஒரு வீட்டு வாசலில் இத்தனை செருப்பு சேர்ந்தால் இந்த ஊரில் அர்த்தம் ஒன்றுதான். உள்ளே யாரோ செத்து, ஜெபமாலை சொல்ல ஆள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"அப்பா!"

ஓடினாள். காலையில் இருட்டோடு கிளம்பும்போது அப்பா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாரே, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே, பாவி! அந்தப் பதற்றத்திலும் கால் தானாக ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனது. பழக்கம் அப்படி.

உள்ளே யாரும் அழவில்லை.

ஒரு அம்மாள் ஜன்னலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். ஒரு ஆள் குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, மூடினான். யாரோ கழிவறையில் தண்ணீரை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். பால்கனியில் ரெண்டு பேர் சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில், இஸ்திரி போட்ட பூச்சட்டையில், கையில் காகிதத் தட்டோடு அப்பா.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. பான்சிட் நூடுல்ஸ் ஆறிப் போயிடும். பன்றிக்கறிக் குழம்பும் இருக்கு. வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா உயிரோடு இருக்கிறார். கடவுளே, உயிரோடு இருக்கிறார். லோர்னாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த மூச்சில் அந்தத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

"யாருங்க நீங்கல்லாம்?"

பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தால் பின் ஸீட்டில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். கூடம் அப்படியே நின்றது. அப்போதுதான் அவளுடைய படுக்கையறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பாருங்க, அலமாரி எவ்வளவு ஆழம்னு. எங்கக்கா யூனிஃபார்மைத் தொங்க விட்டிருக்கா, அதைக் கண்டுக்காதீங்க..."

ஒரு ஜோடியை அழைத்துக்கொண்டு டெரிக் வெளியே வந்தான். வேகாஸிலிருந்து திடீரென்று வந்து குதித்திருந்தான். ஆறு வருஷத்தில் தொப்பை வைத்திருந்தது, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் செத்துப்போனது.

"அக்கா! உனக்கு... சாயந்தரம் வரைக்கும் வேலைன்னு..."

"ஓ, என் வேலை நேரம் பாத்து வெச்சுத்தான் வந்திருக்கியா? திருடன்கூட இப்படி ஒழுங்கா விசாரிச்சுட்டு வரமாட்டான்டா!"

வெளிர்நீல உடையில் ஒரு பெண் நடுவில் புகுந்தாள். வீட்டுத் தரகர் ஜோஸ்லின் லம். கழுத்தில் முத்து, முகத்தில் சிரிப்பு.

"ஆன்ட்டி, கோவப்படாதீங்க. இன்னும் விளம்பரம் எதுவும் போடல. தெரிஞ்சவங்க நாலு பேரு சும்மா பாத்துட்டுப் போகட்டும்னுதான். நீங்களும் சம்மதிச்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னது?"

"உங்கப்பாதான்."

லோர்னா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து ஒரு குழந்தைக்கு நூடுல்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். 'மழை பெய்யுதா?' என்று கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவார், 'மாமிசம் வெந்துச்சா?' என்று கேட்டாலும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். அந்த வெள்ளந்தி மனிதரிடம் போய் சம்மதம் வாங்கியிருக்கிறார்களே! வந்தவர்களை விருந்தாளி என்று நினைத்து வடித்துக் கொட்டுகிறாரே!

அவளுக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது.

ஒன்றும் பேசாமல் வெளியே போனாள். அவள் பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும். அது டெரிக்குக்குத் தெரியும். "அக்கா... அக்கா!" என்று பின்னாலேயே வந்தான். வருவதற்குள் காரியம் பாதி முடிந்திருந்தது.

தாழ்வாரத்துச் செருப்பையெல்லாம் வைக்கோல் வாருவதுபோல் இரண்டு கையாலும் வாரி, லிஃப்டுக்குள் கொட்டினாள். திரும்பி வந்தாள். மறுபடி வாரினாள். ஜோஸ்லினின் குதிகால் செருப்பு ஒன்று சுவரில் மோதி உள்ளே விழுந்தது. வாரும்போது ஒரு ஜோடி கறுப்பு ஷூ கையில் வந்தது. வலது ஷூவின் நுனியில் கட்டைவிரல் முட்டி முட்டித் தோல் புடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்தே ஒருத்தனுக்குத்தான் ஷூ அப்படிப் புடைக்கும். அதை மட்டும் 'தூ' என்று கீழே போட்டுவிட்டு, மற்றதை வாரினாள். கீழ்த்தளத்துக்கு பட்டனை அழுத்தி வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. அத்தனை செருப்பும் ஆளில்லாமல் இறங்கிப் போயின.

"வீடு பாக்க வந்தவங்கல்லாம் கீழ போய்ப் பாருங்க!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "லாபி இன்னும் அழகா இருக்கும். நீச்சல் குளம்கூட இருக்கு. போங்க!"

சுவரில் இருந்த இன்டர்காம் அலறியது. கீழே காவலுக்கு இருக்கும் செஃபோ, சமோவாக்காரன், மலை மாதிரி ஆள்.

"ஆன்ட்டி, லிஃப்ட் தொறந்துச்சு. உள்ள ஒரு மனுசன் இல்ல, செருப்பு மட்டும் வந்து எறங்குது. நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போகாம டூட்டிக்கு வந்துட்டேன். ஏசு வந்து எல்லாரையும் மேல தூக்கிட்டுப் போயிட்டாரா?"

"இல்ல செஃபோ. எல்லாரையும் கீழதான் அனுப்பறேன்."

அளவெடுத்த அம்மாள் டேப்பைச் சுருட்டியபடி வெறுங்காலோடு போனாள். பால்கனிக்காரர்கள் போனார்கள். குழந்தையின் கையில் அப்பா ஒரு மாம்பழம் கொடுத்தனுப்பினார். ஜோஸ்லின் கடைசியாக, சிரிப்பு மாறாமல், சூடான தரையில் நடப்பவள்போல் விரல் நுனியில் நடந்து போனாள்.

வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"பிரமாதம்" என்றான் டெரிக். "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்! என் அலமாரியை ஊருக்குத் திறந்து காட்டினவனை வெச்சு சிரிக்கட்டும். ஏன்டா, எங்கேர்ந்துடா வந்துச்சு உனக்கு இந்தத் துணிச்சல்? ஆறு வருஷம்! ஒரு தவணை நீ கட்டியிருப்பியா? ஒரு பல்பு மாத்தியிருப்பியா? குந்த இடம் கொடுத்தா மடத்தையே பிடுங்கறியே!"

"நீ ஒரு தவணைகூடத் தவறல அக்கா. அது எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா?" டெரிக்கின் குரலும் ஏறியது. "உன் கடன் என் தலையில இருக்குக்கா. காகிதத்துல நான் ஹொனலூலுல கடல் பாத்த வீட்டுக்குச் சொந்தக்காரன். வேகாஸ்ல எந்த பாங்குக்குப் போனாலும், 'உங்களுக்குத்தான் இவ்வளவு பெரிய கடன் இருக்கே, இன்னொண்ணு எப்படித் தர்றது'ங்கறான். மூணு வீடு பாத்தேன். மூணும் கைக்கு வந்து நழுவிச்சு. அங்க மட்டும் விலை ஏறாம என் வரவுக்காகக் காத்துக்கிட்டா இருக்கு? முதல்ல பாத்த வீட்டு விலைக்கு இன்னிக்கு அதோட பின்கட்டுகூட வராது. என் பசங்க ரெண்டும் நெடுஞ்சாலை ஓரமா வாடகை வீட்டுல, ஒரே ரூம்ல அடிச்சுக்குதுங்க. நான் ராத்திரி முழுக்க சூதாட்ட விடுதியில ஊரான் காசுக்குச் சீட்டுப் போட்டுட்டு, காலையில லாரி சத்தத்துல தூங்கறேன். உனக்கு வீட்டு விலை ஏறி ஏறி நீ உசந்துட்டே போற. எனக்கு எட்டாமப் போயிட்டே இருக்கு."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டியா? போனை எடுத்தா, 'நான் நடைபாதையில படுத்தேன், நான் மழையில நனைஞ்சேன்.' ஆறு வருஷமா அதே மழைதான்க்கா!"

அது உறைத்தது. உறைத்ததால் கோபம் இன்னும் கூடியது. நியாயம் எதிராளி பக்கம் சற்றே இருக்கிறது என்று தெரிந்தால் வருகிறதே ஒரு கோபம், அதற்கு மருந்தே கிடையாது.

"அதுக்கு? கெழவரை ஏமாத்தி, கதவைத் திறக்க வெச்சு, சந்தை நடத்துவியா? நான் எங்கடா போவேன்? பாதிப் பணத்தை வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல எனக்கு ஒரு சமையலறை கிடைக்குமா? உன் பின்னாடி வேகாஸுக்கு வந்து மணல்ல பஸ் ஓட்டச் சொல்றியா? இதோ இந்த மனுசன், அம்மா கல்லறை இங்க, டாக்டர் இங்க, சீட்டாடற கூட்டாளி இங்க. இவருக்காகத்தானேடா நான் இந்த வீட்டை..."

சொல்லிக்கொண்டே சமையலறை மேடைப் பக்கம் கையை ஓங்கித் தட்டினாள். கை அலுமினியத் தட்டில் பட்டது.

பான்சிட் தட்டு. கல்யாணத்துக்குச் செய்கிற பெரிய தட்டு. பாதி தீர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு அண்டா பன்றிக்கறி. ஒரு கிண்ணத்தில் பால்கனித் தொட்டியிலிருந்து ஒடித்த முருங்கைக்கீரை வதக்கல்.

லோர்னாவின் கை அப்படியே நின்றது.

நேற்று இரவு வேலை முடிந்து வரும்போது நூடுல்ஸ் ஆறு பாக்கெட், பன்றிக்கறி, பட்டாணி எல்லாம் வாங்கி வரச் சொன்னது யார்? "எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்டதற்கு, "ஆசையா இருக்கு" என்றது யார்? விடியற்காலை அவள் கிளம்பும்போதே காய் நறுக்கிக்கொண்டிருந்தது யார்? திடீரென்று வந்து நின்றவர்களுக்கு எண்பது வயதுக் கிழவர் இத்தனை சமைக்க முடியுமா? இந்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டையை வருஷத்துக்கு ஒரு தடவை ஈஸ்டருக்கு எடுப்பாரே!

மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா. இவங்க வருவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இசிட்ரோ காகிதத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவருக்குக் கேக்கலக்கா" என்றான் டெரிக் அவசரமாக.

"கேக்குது" என்றார் இசிட்ரோ. "காதுதான் மந்தம். புத்தி இன்னும் மந்தமாகல. டெரிக்கை வரச் சொன்னது நான்தான். கதவைத் தெறந்ததும் நான்தான். நீ சம்மதிச்சுட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னதும் நான்தான். அவனைத் திட்டாத."

லோர்னாவின் குரல் தானாக இறங்கியது. பஸ் ஓட்ட வந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஆனதில்லை.

"ஏன்?"

"ஆறு வருஷம் முந்தி, 'அக்காவுக்குக் கையெழுத்துப் போடுடா, பேருக்குத்தானே'ன்னு அவன்கிட்ட சொன்னது யாரு? நான். அவன் மாட்டேன்னான். அவன் பொண்டாட்டி அழுதா. நான் அதட்டிப் போட வெச்சேன். பொண்ணு தலைக்கு மேல கூரை வேணும்னு, பையன் கூரையைப் பிரிச்சேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவன் போன் பண்ணுவான். பேரப் பசங்க சத்தத்துக்குப் பின்னாடி லாரி சத்தம் கேக்கும். காது மந்தம்னு சொல்றியே, அந்தச் சத்தம் மட்டும் எனக்கு நல்லாக் கேக்குது." தட்டுகளைக் குப்பையில் போட்டார். "எனக்குப் புள்ளை ரெண்டு, லோர்னா."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நேரா எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல? ஊராளுங்களைக் கூட்டி வந்து என் கழிவறையில தண்ணி இழுத்துவிட்டுத்தான் சொல்லணுமா? வாசல்ல செருப்பைப் பாத்துட்டு நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா! செத்துப் போயிட்டீங்கன்னு!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினாள். இசிட்ரோ அப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். செருப்பு விஷயம் அவருக்குத் தோன்றவேயில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சொன்னா நீ கத்துவே" என்றார் சின்னக் குரலில். "உன்னைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு."

பெற்ற அப்பாவுக்குத் தன்னைப் பார்த்தால் பயமாம்! ஆறு வருஷம் யாருக்காக உழைத்தாளோ அவர் வாயாலேயே வாங்கிக்கட்டிக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது என்பார்களே, அது வேறெப்படி இருக்கும்?

"நான் ஹோட்டலுக்குப் போறேன்" என்று டெரிக் பையை எடுத்தான். "நாளைக்குப் பேசிக்கலாம். எல்லாரும் கொஞ்சம் ஆறட்டும்."

"எங்கடா போற?"

லோர்னா அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தாழ்வாரத்தில் அந்தக் கறுப்பு ஷூ ரெண்டும் கவிழ்ந்து கிடந்தன. ரெண்டையும் ஒரு கையில் தூக்கி உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஷூவைத் தன் கட்டிலுக்கடியில் வீசினாள்.

"தீராம ஒருத்தரும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. உக்காரு. நீங்களும்தான்ப்பா. சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடுவோம். எனக்குக் கத்தறதுக்குத் தெம்பு வேணும்."

மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு லோர்னாவுக்குப் பசித்தது. ஆறிப்போன பான்சிட்டை மூன்று தட்டில் போட்டாள், தம்பிக்குப் பன்றிக்கறியில் கொழுப்புத் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"விக்க மாட்டேன்" என்று தொடங்கினாள். "அது முடிஞ்சுது. எத்தனை கோடி கொடுத்தாலும் விக்க மாட்டேன். ஆனா உன் பேரை அந்தக் கடன்லேர்ந்து எப்படி எடுக்கறதுன்னு..."

கதவு தட்டப்பட்டது.

டெரிக் எழப்போனான். லோர்னா கையமர்த்திவிட்டுத் தானே போய்த் திறந்தாள். ஜோஸ்லின் லம். ஒரு காலில் குதிகால் செருப்பு, மறுகாலில் ஒன்றுமில்லை. கையில் போன்.

"இன்னொண்ணு கெடைக்கல. பரவாயில்ல ஆன்ட்டி, அதுக்காக வரல." மூச்சு வாங்கினாள். "ஜன்னலை அளந்தாங்களே, அந்தம்மா. கீழ லாபியில வெறுங்காலோட உக்காந்து, புருஷனுக்கு போன் போட்டுப் பேசி, முடிவே பண்ணிட்டாங்க. 'செருப்பைத் தூக்கி எறியற அளவுக்கு ஒருத்தி இந்த வீட்டை விட மாட்டேங்கறான்னா, அந்த வீட்டுல என்னமோ இருக்கு'ங்கறாங்க. உங்க தம்பி சொன்ன விலைக்கு மேலயே தர்றாங்களாம். கொஞ்ச நஞ்சம் மேல இல்ல. நான் இந்தத் தொழிலுக்கு வந்து இப்படிப் பாத்ததில்ல. ராத்திரிக்குள்ள பதில் வேணும்னு கேக்கறாங்க."

மேஜையில் டெரிக் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. இசிட்ரோவும் கேட்கவில்லை.

லோர்னா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அறைந்தாற்போல் சாத்திவிடத்தான் கதவைப் பிடித்தாள். சாத்தவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள், ஜோஸ்லினைப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.